வடிகட்டி மாற்றிய பின் வரும் வாடை

மோட்டார் கார் என்பது ஜமீன்தார்களும் பெருவணிகர்களும் மட்டுமே ஏறிச் செல்லும் பொருளாயிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று நம் பங்குகளில் பள்ளி ஆசிரியர், வங்கி எழுத்தர், வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பிய கொத்தனார் எனப் பலரது வீட்டு வாசலிலும் ஒரு கார் நிற்கிறது. அது பெரும்பாலும் செகண்டு ஹேண்டாக வாங்கிய பழைய கார். புத்தாண்டுத் திருப்பலி முடிந்ததும் ஆலய முற்றத்தில் வரிசையாக நிற்கும் வாகனங்களை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துச் செல்கையில், சில வண்டிகளின் அருகே பெட்ரோல் வாடை குப்பென்று மூக்கில் ஏறுவதுண்டு. என்னவென்று வினவினால் பலமுறை ஒரே விடைதான் கிடைக்கிறது: "நேற்றுத்தான் பில்டர் மாற்றினோம் சாமி, அந்த வாடைதான். இரண்டு நாளில் போய்விடும்."

இரண்டு நாளில் போய்விடும் என்னும் அந்த நம்பிக்கை தவறானது. உயிருக்கு உலை வைக்கக் கூடியது. வடிகட்டியை மாற்றும்போது சிறிது பெட்ரோல் சிந்துவது இயற்கையே. ஆனால் சிந்திய பெட்ரோல் திறந்த வெளியில் ஓரிரு மணி நேரத்தில் ஆவியாகி மறைந்துவிடும். இன்று மாற்றிய வடிகட்டியின் வாடை நாளைக் காலையும் வீசுமானால், அது சிந்தியதன் வாடையன்று. சிந்திக்கொண்டே இருப்பதன் வாடை.

வடிகட்டியின் வேலை எளியது. பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியிலும் நம் காரின் டேங்கிலும் துரு, தூசி, நீர்த்துளி ஆகியவை சிறிதேனும் இருக்கவே செய்யும். அவை என்ஜினுக்குச் செல்லாதபடி மடிப்பு மடிப்பாக அமைந்த காகிதம் ஒன்று அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அக்காகிதத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக்கினாலோ உலோகத்தினாலோ ஆன கூடு. அதில் எரிபொருள் நுழைய ஒரு வாய், வெளியேற ஒரு வாய். காகிதம் அடைத்துக்கொண்டால் வண்டி ஏற்றத்தில் இழுக்காது, நடுச்சாலையில் விக்கி விக்கி ஓடும். ஆகவே குறித்த காலத்தில் அதை மாற்ற வேண்டியதுதான். தீமை மாற்றுவதில் இல்லை. மாற்றும்போது கழற்றி மாட்டப்படும் அந்த இரண்டு இணைப்புகளில் இருக்கிறது.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். பழைய அம்பாசடர் முதலிய கார்பரேட்டர் வண்டிகளில் என்ஜினோடு சேர்ந்து இயங்கும் சிறு பம்ப் பெட்ரோலை மெல்லத் தள்ளிக் கொடுத்தது. அதன் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவே. அங்கே இணைப்பு தளர்ந்தால் சொட்டுச் சொட்டாய் ஒழுகும். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களிலோ, டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப் ஏறக்குறைய 3 கிலோ அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்புகிறது. நம் கார் டயரில் அடிக்கும் காற்றே 2 கிலோ அளவுதான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தகைய அழுத்தத்தில் தலைமுடி அளவு இடுக்கு இருந்தாலும் பெட்ரோல் சொட்டாது. பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிப்பதுபோல் சீறி, காற்றோடு கலந்து ஆவியாகும். தரையில் ஈரமே இராது. "கீழே ஒரு சொட்டும் இல்லையே" என்று குனிந்து பார்த்து ஆறுதல் அடைவோர், இக்காரணத்தாலேயே ஏமாறுகின்றனர்.

அந்த ஆவியின் இயல்பையும் அறிந்துகொள்வது நலம். அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலெழுந்து போய்விடாமல் தரையோடு தரையாய்த் தவழ்ந்து பள்ளமான இடங்களில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். வீட்டுக்குள்ளேயே அமைந்த போர்ட்டிகோவில் காரை நிறுத்திவிட்டு, அடுத்த அறையில் அடுப்புப் பற்றவைக்கும் இல்லங்கள் நம்மிடையே எத்தனை! இன்வெர்ட்டரும் அதன் பாட்டரியும் காரின் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கும் வீடுகளையும் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பங்கில் நடந்தது இது. ஆகஸ்டு மாத இறுதி. வேளாங்கண்ணிக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்த ஒரு குடும்பம் செபித்து ஆசீர் பெற்றுச் செல்ல ஆலயத்திற்கு வந்தது. கணவன், மனைவி, அவருடைய மாமியார், இரு குழந்தைகள். பயணத்தை முன்னிட்டு முதல் நாள் மாலைதான் காரைப் பட்டறையில் விட்டு ஆயில், பில்டர் எல்லாம் மாற்றியிருந்தார்கள். வண்டியின் பின்னிருக்கைக் கதவைத் திறந்தவுடன் வாடை எனக்குத் தெரிந்தது. மனைவி சொன்னார்: "வீட்டிலேயே சொன்னேன் சாமி, இவர் கேட்கவில்லை." கணவரோ, "என்னம்மா, மெக்கானிக்குக்குத் தெரியாததா? வேலை செய்தால் வாடை இருக்கத்தான் செய்யும்" என்று சற்றே சினந்தார். காரணம் இல்லாமலும் இல்லை. விடுதியில் அறை சொல்லியாயிற்று, விடுமுறை எடுத்தாயிற்று, குழந்தைகள் விடியற்காலையிலிருந்து துள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வண்டியின் வடிகட்டி பின்னிருக்கைக்குக் கீழே, அடித்தளத்தில் பொருத்தப்பட்டது. அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் புகைபோக்கிக் குழாய் செல்கிறது. பெரியவரையும் குழந்தைகளையும் இறக்கி மறைக்கல்வி அறையில் அமரச் செய்தோம். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நான்கு இளைஞர்கள் முற்றத்தின் வேப்பமரத்து நிழலுக்குத் தள்ளிச் சென்றார்கள். பட்டறைக்காரரை வரவழைத்தோம். வந்தவர் நல்ல உழைப்பாளி. பதறிப்போய், படுத்துக் குனிந்து, கையோடு ஸ்பேனரை எடுத்து அந்தப் போல்ட்டை இறுக்கத் தொடங்கினார். "முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிடலாம் தம்பி" என்று அவரைத் தடுக்க வேண்டியதாயிற்று.

இந்த ஓர் இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் நிகழ்கின்றன என்பதால் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். அந்த வகை வடிகட்டியில் குழாயின் முனை ஒரு வளையம்போல் இருக்கும். நடுவே துளையுள்ள ஒரு போல்ட் அவ்வளையத்தினூடே சென்று வடிகட்டியில் திருகப்படும். வளையத்திற்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என இரண்டு செம்பு வாஷர்கள். சில வண்டிகளில் அவை அலுமினியத்தால் ஆனவை. கசிவைத் தடுப்பது போல்ட்டின் மரையன்று, இந்த வாஷர்களே. மென்மையான அந்த உலோகம் இறுக்கும்போது நசுங்கி, எதிரே உள்ள பரப்பின் நுண்ணிய கீறல்களையெல்லாம் நிரப்பி, தன்னையே ஓர் அச்சாக்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய வாஷர் இறுகிக் கடினப்பட்டுவிடும். அதைக் கழற்றி மீண்டும் போட்டால் பழைய அச்சு புதிய பரப்போடு பொருந்தாது. எவ்வளவு இறுக்கினாலும் ஏதோ ஒரு மூலையில் இடுக்கு எஞ்சியே நிற்கும். மேலும் மேலும் இறுக்கினால் மரை போய்விடும். அல்லது துளையுள்ள அந்தப் போல்ட்டே முறிந்துவிடும். அப்போது சிறு கசிவு பெருங்கசிவாகும்.

பழைய மெக்கானிக்குகள் செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டு மீண்டும் மென்மையாக்குவதைக் கண்டிருக்கிறேன். உலோகவியல்படி அது சரியே. செம்பு அவ்வாறு இளகும். ஆயினும் கீறல் விழுந்த வாஷர் அதனால் நேராகிவிடாது. மேலும் பெட்ரோல் வண்டிக்கு அருகே நெருப்பு மூட்டும் யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். புதிய வாஷர் ஒரு தேநீரின் விலைகூட இராது.

எம் முற்றத்தில் நின்ற வண்டியில் நடந்திருந்ததோ வேறு. பட்டறையில் புதிய வாஷர்களைத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் பழைய வாஷர் ஒன்று குழாய் வளையத்தின் அடியில் கறுத்து ஒட்டிக்கொண்டு, உலோகத்தோடு உலோகமாய்க் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. அதன்மேல் புதியது அமர்ந்துவிட்டது. இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று! நகத்தால் நெம்பியதும் அது உதிர்ந்தது. துடைத்து, வேறு இரண்டு புது வாஷர்களைப் போட்டு, அளவாக இறுக்கியதும் கசிவு நின்றது. எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம். அக்குடும்பம் திருவிழாவின் கொடியேற்றத்தைக் காண உரிய நேரத்திற்குப் போய்ச் சேர்ந்தது. பட்டறைக்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அவரையும் ஒரு தேநீர் அருந்தச் செய்தே அனுப்பினோம்.

கசியும் இடத்தைக் காண்பதற்கும் ஒரு முறை உண்டு. குழாயின் வழியே ஓடி, தாழ்ந்த இடத்தில் சொட்டுவது பெட்ரோலின் இயல்பு. ஆகவே சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. முதலில் வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சாவியைத் தொடவே கூடாது. என்ஜினும் புகைபோக்கிக் குழாயும் நன்றாக ஆறட்டும். பாட்டரியின் கம்பியைக் கழற்றும்போதும் சிறு பொறி பறக்கும் என்பதால், ஆவி கலையும் வரை அதையும் தொடாதிருப்பதே மேல். பின்னர் இணைப்புகளையெல்லாம் பழந்துணியால் ஈரம் இல்லாமல் துடைத்து, முகத்திற்குப் பூசும் பவுடரையோ சாக்குத்தூளையோ மெல்லத் தூவிவிட வேண்டும். ஒருவர் சாவியை என்ஜின் ஓடாத நிலை வரை மட்டும் திருப்ப, பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி அழுத்தத்தை ஏற்றி நிற்கும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தால், பவுடர் எங்கே நனைந்து நிறம் மாறுகிறதோ அதுவே குற்றவாளி. தீயணைக்கும் உலர்தூள் சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இச்சோதனையில் இறங்கலாகாது. வாளி நீர் அதற்கு ஈடாகாது. எரியும் பெட்ரோல் நீரின்மேல் மிதந்து பரவும்.

இடம் தெரிந்த பிறகும் உடனே ஸ்பேனரைப் போட்டுவிடக் கூடாது. குழாயில் அழுத்தம் நிற்கிறது. அப்படியே கழற்றினால் முகத்தில் பீச்சியடிக்கும். பம்ப்புக்குரிய பியூஸை எடுத்துவிட்டு அழுத்தம் இறங்கச் செய்யும் முறை மெக்கானிக்குகள் அறிந்ததே. வழக்கமாக என்ஜினைச் சிறிது ஓடவிட்டு அது தானே நிற்கும்படி செய்வார்கள். ஆனால் ஏற்கெனவே கசியும் வண்டியில் என்ஜினை ஓட்டக் கூடாது. அங்கே பியூஸை எடுத்தபின் சில மணி நேரம் விட்டு, இணைப்பைக் கனத்த துணியால் போர்த்திக்கொண்டு மெல்லத் தளர்த்துவதே பாதுகாப்பு.

ரப்பர் குழாயும் கிளிப்பும் உள்ள பழைய வண்டிகளில் குற்றம் வேறு வகையானது. ஆண்டுக்கணக்கில் வடிகட்டியின் மூக்கைப் பற்றியிருந்த குழாயின் முனை வெப்பத்தால் கட்டையாகி, வெடித்திருக்கும். பழைய வடிகட்டியின் மேல் அது படிந்து போயிருந்ததால் ஒழுகவில்லை. அசைத்து எடுத்ததும் வெடிப்பு வாய் திறக்கிறது. நீளம் போதுமானால் முனையை ஒரு விரற்கடை வெட்டிவிட்டு மாட்டலாம். போதாவிட்டால் புதுக் குழாயே போட வேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கறுப்புக் குழாய் உதவாது. நீர்க்குழாய் பெட்ரோலில் ஊறி உப்பி வழுக்கிவிடும். எரிபொருளுக்கென்றே செய்து, அதன்மேல் அவ்வாறு அச்சிட்ட குழாயாகக் கேட்டு வாங்குங்கள். அதிலும் கார்பரேட்டர் வண்டிக்குரியது வேறு, அழுத்தம் மிகுந்த வண்டிக்குரியது வேறு. கிளிப் மூக்கின் மேட்டைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். மேட்டின் மீதே உட்கார்ந்தால் சறுக்கும், ஓரத்தில் உட்கார்ந்தால் ரப்பரை அறுக்கும்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதும் இப்பழங்குழாய்களுக்குப் புதிய சோதனையாகியிருக்கிறது. நம் நாட்டில் 2022-இல் நூற்றுக்குப் பத்தாக இருந்த கலப்பு 2025-இல் இருபதை எட்டியது. அக்கலவையை எண்ணிச் செய்யப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் விரைவில் நைந்து போகலாம். பதினைந்து இருபது ஆண்டு ஆன வண்டியில் வடிகட்டியை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயை விட்டுவைப்பது, புதுத் திராட்சை இரசத்தைப் பழைய தோற்பையில் ஊற்றும் கதைதான்.

பிளாஸ்டிக் பூட்டு உள்ள இணைப்புகள் கையால் தள்ளினாலே மாட்டிக்கொள்ளும். 'கிளிக்' என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்ட பின்னும் ஒருமுறை பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். பாதி மாட்டிய பூட்டு பட்டறையில் ஒழுகாது. முதல் வேகத்தடையில் கழன்றுகொள்ளும். அதனுள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பழைய வடிகட்டியோடு போய்விடுவதும் உண்டு.

டீசல் வண்டி வைத்திருப்போர் தமக்கு இது பொருந்தாதென எண்ண வேண்டாம். டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது என்பது மெய்யே. ஆனால் அங்கே பழைய ரப்பர் வளையம் வடிகட்டியின் தலைப்பகுதியில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதைப் போட்டு மூடுவது மிகச் சாதாரணமான தவறு. கசிவு வெளியே தெரியாமல், அந்த வழியே காற்று உட்புகுந்து, "ஏர் பிடித்துக்கொண்டது" என்று மெக்கானிக்குகள் சொல்லும் நிலை வரும். காலையில் வண்டி எளிதில் கிளம்பாது. இக்காலத்து டீசல் என்ஜின்களில் பம்ப்புக்கு அப்பால் உள்ள இரும்புக் குழாய்களில் ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் இருக்கும். அங்கே கசிவைத் தேடி விரலை வைப்பது விரலை இழப்பதற்கு ஒப்பாகும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது.

எம்சீல், சோப்பு, சைக்கிள் டியூப், டெஃப்லான் டேப் ஆகிய கைவைத்தியங்களைப் பற்றி ஒரு சொல். வழியில் அகப்பட்டுக்கொண்டவன் டேங்கின் ஓட்டையில் சோப்பைத் தேய்த்து அடைத்து ஊர் சேர்ந்ததுண்டு. அழுத்தம் உள்ள இணைப்பில் இவை ஒன்றும் நில்லா. அதிலும் டேப் நைந்து நூல் நூலாகப் பிரிந்து, மேலும் உள்ளே சென்று என்ஜினின் நுண்துளைகளை அடைத்துவிடும். இன்னொன்று: பெட்ரோலை வாயால் உறிஞ்சிக் குழாய் வழியே இறக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் சென்றால் உயிராபத்து. யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

காரைப் பற்றிச் சொல்ல ஒரு குருவுக்கு என்ன இருக்கிறது எனச் சிலர் நினைக்கலாம். இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிடில் அங்கிருந்து விழுபவனின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார். கொல்ல வேண்டும் என எண்ணியவனுக்கு அன்று, எண்ணிப் பார்க்காதவனுக்கே அக்கட்டளை. முட்செடியில் பற்றிய தீ அடுத்தவன் கதிர்க்கட்டை எரித்தால் தீ மூட்டியவன் ஈடுசெய்ய வேண்டும் என்னும் விடுதலைப் பயண நூலின் சட்டமும் அவ்வாறே. 2007 ஜூன் மாதம் திருப்பீடம் சாலைப் பயணத்தைக் குறித்து வெளியிட்ட வழிகாட்டுதலில் வாகனம் ஓட்டுவோருக்கென 10 கட்டளைகள் உள்ளன. அவற்றுள் முதலாவது, கொலை செய்யாதே என்பதே. வாடை வீசும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றும் தந்தை இந்தக் கட்டளை தமக்கன்று என்று சொல்லிவிட முடியுமா? "வீட்டிலேயே சொன்னேன்" என்று ஒரு மனைவி சொல்லும்போது, கணவன்மார் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால் நன்று. பெட்ரோல் வாடையில் சற்று நேரம் இருந்தவரின் மூக்கு அதற்குப் பழகி மரத்துவிடும். வீட்டுக்குள்ளிருந்து வருபவரின் மூக்கே உண்மையைச் சொல்லும்.

பட்டறைக்காரரைப் பற்றியும் நியாயம் வேண்டும். மாலை 6 மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் விட்டு, 7 மணிக்கு வேண்டும் என்று அவசரப்படுத்துவோர் நாம். வடிகட்டியின் விலையில் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கும் பேரத்தில் முதலில் விடுபட்டுப் போவது புதிய வாஷர்தான். வாடை வீசினால் ஊரைக் கூட்டி அவரை ஏசுவதை விடுத்து, வண்டி நிற்கும் இடத்திற்கே அவரை வரச் சொல்லுங்கள். ஒழுகும் வண்டியை அவரிடம் ஓட்டிக்கொண்டு போவதுதான் இதில் மிகப் பெரிய மடமை.

அடுத்த முறை வடிகட்டி மாற்றக் கொடுக்கும்போது, பழைய வடிகட்டியோடு பழைய வாஷர், வளையம், கிளிப் அனைத்தையும் ஒரு பையில் போட்டுத் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வந்தவுடன் எண்ணிப் பாருங்கள். ஒரு போல்ட்டுக்கு இரண்டு வாஷர் வெளியே வந்திருக்க வேண்டும். ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால், மற்றொன்று இன்னும் வண்டியில் இருக்கிறது.